இவளைத் தாண்டினால் பஸ்

எங்கள் பக்கத்து வீட்டு ராஜம்மா அத்தை யாரையும் நம்ப மாட்டாள். பால்காரர் ஊற்றிய பாலை அவர் கண்ணெதிரிலேயே முகர்ந்து பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் போட வந்தவரை நிறுத்திவைத்து, சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், அதில் எவன் பெயர் விட்டுப்போயிருக்கிறது, ஏன் விட்டுப்போனது என்று ஒரு வாரம் ஆராய்வாள்.

இதற்காக எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் அவளை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் அவளும் அவள் வீட்டுக்காரர் கோபால் மாமாவும் எல்லாரையும் நம்பியவர்கள்தான். நிலம் வாங்க ஆள் வந்தபோது, அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் மாமா கையெழுத்துப் போட்டார். மேல்துண்டை மட்டும் விற்பதாகப் பேச்சு. பேப்பரில் கிணற்றோடு சேர்த்து மொத்தமும் போயிருந்தது. மாமா அந்தக் கவலையிலேயே படுத்து, இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அத்தை, கையில் சிக்கிய எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்காமல் விட்டதில்லை. எட்டாவது வரை படித்தவள். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையைப் பாருங்கள். ஒரகடத்தில் நான் வேலை செய்கிற அதே கம்பெனியில், பெண்கள் வாசலில் செக்யூரிட்டி. கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புவது எங்கள் தொழில். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு பெண்கள். செல்போனை வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெளியே வரும்போது ஒவ்வொருத்தியும் அத்தை முன்னால் கையை விரித்து நிற்க வேண்டும். அவள் கையில் இருக்கிற மெட்டல் டிடெக்டரைத் தோளிலிருந்து ஷூ வரை தடவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பாள்.

"சாப்ட்டியா?"

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்ப்பாள். இதை அன்பு என்று நினைத்தால் நினைப்பவர்தான் ஏமாளி. எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது என் அம்மாவிடம் அவளே சொன்ன ரகசியம் இது:

"கிட்ட ஒண்ணும் இல்லாதவ, 'சாப்ட்டேன்க்கா, சாம்பார் சாதம், முட்டை, அப்பளம்'னு வரிசையா ஒப்பிப்பா. எதுனா மறைச்சிகினு கீறவ வெறும் 'ம்'முன்னுவா. அவளுக்கு வாய் தொறக்காது. அந்த 'ம்' வந்துச்சா, ஓரமா நிறுத்திடுவேன்."

ஒன்பது வருடமாக இந்த ஒரு கேள்வியை வைத்தே சாக்ஸுக்குள் போன கிளிப்பையும், கொண்டைக்குள் போன கட்டரையும் பிடித்திருக்கிறாள். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட வாசலைத் தாண்டி, உள்ளே வயர் கட்டுகிற லைனைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். செக்யூரிட்டிக்கு உள்ளே வேலையில்லை.

இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் கம்பெனியில் செம்பு காணாமல் போக ஆரம்பித்தது. அறுத்துப்போடுகிற வயர்த் துண்டுகளில் இருக்கிற செம்பு. செக்யூரிட்டி ஆபீசர் டில்லிபாபு, பட்டாளத்தில் இருந்து வந்தவர், எல்லாக் காவலாளிகளையும் வரிசையில் நிறுத்தி, எந்த வாசல் வழியாகப் போகிறது என்று ஒரு மாதத்துக்குள் தெரிய வேண்டும் என்று கத்திவிட்டுப் போனார். அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாசலில் ஓட்டை என்று யாராவது நினைப்பதே அவளுக்கு அவமானம்.

அந்த நேரத்தில்தான் பேச்சியின் டிபன் பையில் ஒரு காகிதம் கிடைத்தது.

பேச்சி என் லைன்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தொரு வயது, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள். எட்டு மாதமாக டிரெய்னி. இன்னும் இரண்டு மாதம் தள்ளினால் நிரந்தரம். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கதையடிக்க, அவள் குப்பைக் கூடையில் போட்ட பழைய செக்‌ஷீட்டை எடுத்து, அந்தத் தாளின் பின்பக்கம் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்துகொண்டிருப்பாள். அதுதான் அவள் செய்த தப்பு. பின்பக்கம் அவளுடையது, ஆனால் முன்பக்கம் கம்பெனியுடையது. கம்பெனிக் காகிதம் ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம். போனால், அன்றைக்கே ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது செக்யூரிட்டிக்குச் சட்டம்.

அத்தை எழுதவில்லை. ஏனென்றால் பின்பக்கத்தைப் படித்துவிட்டாள். அதில் இப்படி இருந்தது:

"காவல் வலது பக்கம் திரும்பும். நாலு விநாடி. அதற்குள் ஓடு.

செம்பு 12. மேலே தொங்குகிற பெட்டியில் 3. யாருக்கும் தெரியாது.

பெல்ட்டுக்கு அடியில் படுத்துக்கொள். தலைக்கு மேல் இரும்புக் கை போகும்."

இதைப் படித்த யாருக்கும் வியர்க்கும். அத்தைக்கு வியர்க்கவில்லை, சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண் தனியாகச் செம்பு தூக்க மாட்டாள், பின்னால் கும்பல் இருக்கும், மொத்தமாகப் பிடித்துக்கொடுத்தால் டில்லிபாபு வாயடைத்துப் போவார் என்று கணக்குப் போட்டாள். காகிதத்தை மடித்து அதே டிபன் பையில் வைத்து, "சாப்ட்டியா?" என்றாள். "சாப்ட்டேன்க்கா. புளியோதரை, உருளைக்கிழங்கு" என்று பேச்சி சிரித்தாளாம். எவ்வளவு பழகின திருடி, பதில்கூட ஒழுங்காகச் சொல்கிறாளே என்று அத்தைக்கு இன்னும் சந்தேகம் பலத்தது.

பதினோரு நாள் இப்படி விட்டுப் பிடித்தாள். தினம் ஒரு காகிதம். ஒவ்வொன்றிலும் இரண்டு வரியை மனப்பாடம் செய்து, டீ நேரத்தில் நோட்டில் எழுதிக்கொள்வாள். என்னிடம் மூச்சு விடவில்லை. பேச்சியும் நானும் ஒரே லைன் என்பதால் என்னையும் அந்தக் கும்பலில் சேர்த்திருந்தாள். என் டிபன் பாக்ஸில் குழம்பையே கிண்டிப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் மட்டும் புரியவில்லை. பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவள், ஒரு காகிதத்தைப் பார்த்ததும் என்னைத் திருடியாக்கிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காகிதத்தில் இப்படி இருந்தது: "கடைசி வாசல். இவளைத் தாண்டினால் பஸ். இவளை ஏமாற்ற முடியாது."

பக்கத்தில் ஒரு பெண் படம். கையில் டிடெக்டர், மூக்கில் மூக்குத்தி. அத்தை தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பேச்சியை ஓரமாக நிறுத்தி, ரிஜிஸ்டரில் எழுதி, டில்லிபாபுவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"இது கேமு சார். போன்ல விளையாடுற கேமு. நானே செய்யுதேன்" என்று பேச்சி அழுதுகொண்டே சொன்னாள். யார் கேட்டார்கள்? கேமில் எதற்கு நம் கம்பெனி பெல்ட், நம் வாசல், நம் செம்பு என்று டில்லிபாபு மடக்கினார். விசாரணை திங்கட்கிழமை. அதுவரை உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் ஹாஸ்டல் போகும். அதுகூடப் பரவாயில்லை. திருடி என்று ஒரு கம்பெனி ரிஜிஸ்டரில் பெயர் ஏறிவிட்டால், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை எந்தக் கம்பெனி வாசலிலும் கால் வைக்க முடியாது. செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுக்கொள்கிறவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அத்தை வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"அத்தே, அது நெசமாவே கேமுதான். என் போன்லயே கீது, கடைசி வாசலையும் சேத்து நேத்து ராத்திரி அனுப்பிட்டா. போன மாசமே ஆடிப் பாத்து சொல்லுன்னு என்கிட்ட குடுத்தா. எனக்குப் பொறுமை இல்ல, ரெண்டாவது கட்டத்துலயே வுட்டுட்டேன்."

"உன்கிட்ட குடுத்தாளா?" அத்தையின் கண் சுருங்கியது. "அப்போ உனக்கும் தெரியும்?"

"ஐயோ, இன்னா அத்தே நீ! இந்தா, நீயே ஆடிப் பாரு. நாளைக்கு நீ சொல்றதுதான் சாட்சி. தெரியாம எதுனா சொல்லி ஒரு பொண்ணு பொழப்பைக் கெடுக்காத."

சாட்சி என்ற வார்த்தை அவளை உட்காரவைத்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கேமின் கதை இதுதான். நிலாவில் ஒரு தொழிற்சாலை. மனிதர்கள் எல்லாரும் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். சிட்டு என்கிற ஒரு பெண் மட்டும் பஸ்ஸை விட்டுவிட்டாள். நீலத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, எங்கள் யூனிஃபார்ம்தான். உள்ளே ரோபோக்கள் செம்பு வயர் அறுந்துபோய்ச் சும்மா நிற்கின்றன. சிட்டு ஓடி, தாவி, தொங்கி, செம்புத் துண்டுகளைச் சேர்த்து ஒவ்வொரு ரோபோவுக்கும் பொருத்தினால், அது கண் விழித்து அடுத்த தளத்துக்கு வழி விடும். துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது. கீழே விழுந்தால் ஒரு குட்டி ரோபோ தூக்கி மறுபடியும் பெல்ட்டில் வைக்கும். தன் அக்கா பிள்ளைகள் ஆடுவதற்காகச் செய்வதாகப் பேச்சி என்னிடம் சொல்லியிருந்தாள்.

அத்தை ஆடவில்லை, புலன் விசாரணை செய்தாள்.

"இவன் ஏன்டி தூக்கி வுடுறான்? கூட்டாளியா?"

"அவன் ரோபோ அத்தே."

"இந்தச் செம்பு எங்க போவுது? கையில எடுத்தா, அப்பறம் காணோமே?"

"பாரு, அந்த ரோபோ நெஞ்சுல மாட்டிட்டா. திருப்பிக் குடுக்கிறா."

"திருப்பிக் குடுக்கறாளா?" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். நோட்டைப் பிரித்து, "மேலே தொங்குகிற பெட்டியில் 3" என்பதைப் படித்து, திரையில் மேலே தொங்கிய பெட்டியை முட்டினாள். மூன்று செம்பு விழுந்தது. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். பெல்ட்டுக்கு அடியில் படுத்தாள், தலைக்கு மேல் இரும்புக் கை போனது. ஒவ்வொரு வரியாக நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

மதியச் சோறு ஆறிக் கிடந்தது. மூன்று மணிக்கு மேல் கடைசி வாசலுக்கு வந்துவிட்டாள். அங்கே அவளே நின்றிருந்தாள். நீலச் சட்டை, இறுக்கிப் போட்ட கொண்டை, மூக்குத்தி, கையில் டிடெக்டர். வாசலுக்கு அந்தப் பக்கம் பூமிக்குப் போகிற பஸ், எங்கள் கம்பெனி பஸ் மாதிரியே முன் கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டி நின்றது.

அத்தை சிட்டுவை ஓடவிட்டாள். மாட்டினாள். தாவவிட்டாள். மாட்டினாள். படுத்து நகர்ந்தாள், பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள், காவல்காரி திரும்பும்வரை காத்திருந்து பாய்ந்தாள். எப்படிப் போனாலும் அந்தப் படத்து ராஜம்மா பிடித்து அந்தத் தளத்தின் முதல் படியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பழி வாங்கறாடி என்னை! என்னைப் பேயாட்டம் வரைஞ்சி வெச்சிட்டு, ஊர் பூரா ஆடட்டும்னு வுடப்போறா. நான் நெனச்சது சரிதான். கெட்ட பொண்ணு."

இருபது தடவைக்கு மேல் மாட்டியிருப்பாள். கடைசியில் கட்டைவிரல் மரத்துப்போய், போனை மடியில் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். யாரும் தொடாத திரையில் சிட்டு ஐந்து விநாடி சும்மா நின்றாள். பிறகு தானாகவே இரண்டு கையையும் விரித்தாள்.

"அத்தே, பாரு!"

படத்து ராஜம்மா கிட்டே வந்தாள். தோளிலிருந்து ஷூ வரை டிடெக்டரைத் தடவினாள். அவள் தலைக்கு மேல் எழுத்து வந்தது. அத்தை உதடு அசையப் படித்தாள்.

"சாப்ட்டியா?"

வாசல் திறந்தது. சிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அத்தை இரண்டாவது முறையாகப் படிக்கத் தேடினாள், எழுத்து மறைந்துவிட்டிருந்தது.

நான் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"நான் எப்போடி இவளைக் கேட்டேன்?"

"தினம் கேக்குற அத்தே. எல்லாரையும்தான் கேக்குற."

"நான் அதுக்கு கேக்கலையே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கும் அப்போதுதான் அம்மாவிடம் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை விசாரணைக்கு லைன் ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எச்.ஆர். மணிகண்டபிரபு நடுவில், டில்லிபாபு பக்கத்தில். பேச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகிற மாதிரி பையைக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"ராஜம்மா, நீங்க எழுதினது சரிதானா?" என்றார் மணிகண்டபிரபு.

அத்தை, வாசலில் நான் ஒப்படைத்த போனைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்; அதில் கடைசி வாசலை எடுத்து டில்லிபாபு முன்னால் வைத்தாள். "ஆடுங்க சார்."

பட்டாளத்துக்காரர் விறைப்பாக ஆரம்பித்தார். நான்கு முறை ஓடி நான்கு முறையும் மாட்டினார். ஐந்தாவது முறை பல்லைக் கடித்தார்.

"கையை எடுங்க சார். ஓடாதீங்க. கம்முனு இருங்க" என்றாள் அத்தை.

அவர் கையை எடுத்தார். சிட்டு கையை விரித்தாள். எழுத்து வந்தது. மணிகண்டபிரபு எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, பேச்சியிடம் திரும்பினார்.

"இதை எதுக்கும்மா வச்சே?"

பேச்சி தயங்கித்தான் பேசினாள். "இங்க வந்த எட்டு மாசத்துல அவிய ஒருத்திதான் சார் தெனமும் கேப்பாவ. ஹாஸ்டல்ல கேக்க ஆளு கெடையாது. எங்கம்மை போன்ல கேக்கும், ஆமான்னு பொய் சொல்லிரலாம். இவிய அப்படி இல்ல. பதில் சொல்லுத வரைக்கும் நம்ம மூஞ்சியவே பாப்பாவ. அதுக்காவவே நான் ஒழுங்கா சாப்பிடுவேன் சார்."

அத்தை தரையைப் பார்த்தாள்.

"கேம் சரி" என்றார் மணிகண்டபிரபு. "திருட்டு இல்லைன்னே வச்சுக்குவோம். ஆனா கம்பெனி பேப்பர் வெளிய போயிருக்கு. டிரெய்னி அதைப் பண்ணினா நேரா வெளிய அனுப்பணும்னுதான் ரூல்."

"அப்போ என் பேரையும் எழுதிக்குங்க சார்" என்றாள் அத்தை. "பதினோரு நாளு அந்தப் பேப்பரை நான் பாத்தேன். பாத்துட்டு, மடிச்சி நானே பையில வெச்சி அனுப்பினேன். மொத நாளே புடிச்சி, 'இத்த எடுத்துகினு போகக் கூடாதும்மா'ன்னு சொல்லியிருந்தா அவ நிறுத்தியிருப்பா. நான்தான் சொல்லல. கும்பலைப் புடிக்கலாம்னு ஆசைப்பட்டேன். பதினோரு பேப்பரை வெளிய வுட்டது நானு. அவளை அனுப்பினா என்னையும் அனுப்புங்க. நான் எழுதினது தப்பு."

ஒன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. டில்லிபாபு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பேச்சிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை நிலைத்தது. ரிஜிஸ்டரில் அத்தை எழுதிய பக்கத்தை அத்தையே குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டாள், இரண்டு முறை படித்துவிட்டு. அவளை மட்டும் புதன்கிழமையிலிருந்து லாரி வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பெண்கள் யாரும் வர மாட்டார்கள். செம்பு எப்படிப் போனது என்பது ஆறு வாரம் கழித்து, அதே லாரி வாசலில், கழிவு ஏற்றிப்போகிற வண்டியின் அடியில் தகரப் பெட்டி பற்றவைத்திருந்ததை அத்தை குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்கு அவளை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. செவ்வாய்க்கிழமை, பெண்கள் வாசலில் அவளுக்குக் கடைசி நாள். முதல் ஷிஃப்ட் முடிந்து, வெயிலில் வரிசை நின்றது. பேச்சி எனக்கு முன்னால். அவள் முறை வந்ததும் கையை விரித்தாள். அத்தை தோளிலிருந்து ஆரம்பித்தாள். இடுப்பு, முழங்கால், ஷூ. நிமிர்ந்தாள். வாய் திறந்தது. கேள்வி வரவில்லை.

பேச்சி நகரவில்லை. கையை விரித்தபடியே நின்றாள். பின்னால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூச்சல் போட்டார்கள்.

"போம்மா" என்றாள் அத்தை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சாப்ட்டேன்க்கா" என்று பேச்சியே சொன்னாள். "லெமன் சாதம், சுண்டல், அப்பளம்." பிறகு சிரித்துக்கொண்டு, பதில் வரும்வரை போகப் போவதில்லை என்பதுபோல அத்தையின் முகத்தையே பார்த்தாள். "நீங்க சாப்ட்டியளாக்கா?"

அந்த வாசலில் அத்தையை இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி. நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு நன்றாகக் கேட்டது.

"ம்" என்றாள் அத்தை.